ஏலப் புத்தகத்தின் பின்பக்கம்

முன்பக்கத்திலிருந்து மீன்:
சங்கரா, காரப்பொடி, கணவாய், கழிசல் என்று
கோடு போட்ட கணக்கு.
பின்பக்கத்திலிருந்து உலகக் கோப்பை.
நடுவில் ஏதோ ஒரு தாளில் இரண்டும் முட்டிக்கொள்ளும்,
அதற்குள் இறுதி ஆட்டம் முடிந்திருக்கும்.

அறுபத்தோரு நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள்
இன்று நள்ளிரவு பன்னிரண்டுக்கு அவிழ்கின்றன.
முதல் ஆட்டம் இரண்டு மணிக்கு.
இந்த நேரம் குறித்தவன் எவனோ
கடலூர் துறைமுகத்துக்குப் பழைய பகையாளி.

அதனால் காலையிலிருந்து வரிசை.
ஐஸ் ஏற்றுவதை அப்படியே விட்டுவிட்டு வந்து
"அக்கா, எழுதிக்க" என்கிறார்கள்.
கடலில் இருக்கும்போது நடக்கப்போவதற்கெல்லாம்
கரையிலேயே வாய் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.
திரும்பி வந்து சொன்னால் செல்லாது.

எழிலரசன்: பிரேசில், மூன்றுக்கு ஒன்று.
ஒவ்வொரு கோப்பைக்கும் இதையேதான் சொல்கிறான்.
அவன் மஞ்சள் சட்டை வெளுத்து வெளுத்து
இப்போது கிட்டத்தட்ட ஜெர்மனி.

சந்தியாகு: பிரான்ஸ்.
மச்சானுக்கு முத்தியால்பேட்டையில் பிரெஞ்சுப் பென்ஷன்.
அவர்கள் ஜெயித்தால் அந்த வீட்டில் கறிக்குழம்பு,
தோற்றாலும் கறிக்குழம்பு, ஆனால் யாரும் பேசமாட்டார்கள்.

டிரைவர் தேசிங்கு: ஜப்பான்.
"எஞ்சின் அவங்களுதுதான். பதினாறு வருஷமா
நடுக்கடல்ல ஒரு தடவ நின்னதில்ல.
தொண்ணூறு நிமிஷம் ஓடமாட்டானா?"
இதற்கு எதிராக ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை.

ஐஸ் கம்பெனி ஹபீபுல்லா மொராக்கோ என்றார்.
அரையிறுதி வரைக்கும் என்று திருத்தினார்.
திருத்தியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு போனார்,
அடித்த வரி அடித்தபடியே இருக்கிறது.

முதல் தடவை கடலுக்குப் போகிற பையன் ஒருவன்
"இந்தியா எந்த குரூப்புக்கா?" என்றான்.
ஐஸ் உடைக்கிற மெஷின் மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை.
மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஐந்து வருடம்
இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்றவள் நான்.
மாவட்ட அணி.
வலது மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்காது.
திருவண்ணாமலைக்காரி ஒருத்தி அடித்த பெனால்ட்டி அது.
பிடித்தேன்.

நின்றவளுக்குத் தெரியும்:
முதல் ஆட்டத்தில் கால் இரும்பாகும்,
ஆசையை விட ஒரு எட்டு முன்னால் பயம் ஓடும்.
பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அதுதான் என் கணிப்பு.
எல்லாரும் கோல் கேட்கிறார்கள்.
கோல் காப்பவளின் சந்தோஷம் வேறு ஜாதி:
கடைசி விசில்வரை வலை அசையாமல் தொங்க வேண்டும்,
உள்ளே ஒன்றும் வராமல்.

எழுதப் போனவள் பேனாவை நிறுத்தினேன்.
இதே புத்தகம்தான்.
முன்பக்கத்தில் ஒரு படகின் பெயருக்கு நேரே
முட்டை விழுந்தால் வலை வெறுமனே வந்தது என்று அர்த்தம்,
டீசல் கடன் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம்,
ஒரு பெண்பிள்ளை கம்மலைக் கழற்றுகிறாள் என்று அர்த்தம்.
படகு கிளம்புகிற நாளில்,
எத்தனை தாள் தள்ளி என்றாலும்,
அதை எப்படி எழுதுவது?

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
முன்னே கையுறை இருந்த இடத்தில்.

பன்னிரண்டு.
எஞ்சின்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு கிளம்பின.
முகத்துவாரம்வரை விளக்குகளை எண்ணினேன்,
இருபதுக்கு மேல் கலந்துவிட்டன.
வயர்லெஸ்ஸில் தேசிங்கு:
"அக்கா, கொஞ்ச தூரம் வரைக்கும்தான் காதுல விழும்.
வல எறக்கறதுக்குள்ள
ஒரு கோலாவது சொல்லிடு."
சரி என்றேன்.

ஏலக்கூடத்து டிவியைத் துடைத்துப் போட்டேன்.
யாருடைய நாட்டுப் பாட்டோ ஓடியது.
கை வேர்த்தது, விரித்துப் பார்க்கவில்லை.
நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.
முட்டியை லேசாக மடித்து
நின்றுகொண்டே இருந்தேன்.