ஒரு குடும்பத்துக்கு ஒன்று

லோரி வரவில்லை என்று
முதலில் சொன்னது அலமாரிதான்.
மூன்றாவது தட்டு, எண்ணெய் பாக்கெட் அடுக்கும் இடம்,
இப்போது தகரத்தில் பிசுபிசுப்பு மட்டும்.
அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

தவுக்கே ஓர் அட்டையில்
மலாயில் எழுதினார், சீனத்தில் எழுதினார்,
தமிழுக்கு மார்க்கரை என்னிடம் நீட்டினார்.
ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஐசி காட்டவும்.
'குடும்பத்துக்கு' என்பதற்குள் மை தீர்ந்து
கடைசி எழுத்துகள் வெளிறிப்போயின.

கிள்ளானிலிருந்து கிளம்பிவிட்டதாம்.
சபாக் பெர்ணம் பாலத்தில் தண்ணீராம்.
டிரைவருக்குக் காய்ச்சலாம்.
இல்லை, எங்கேயோ சண்டையாம், கப்பலே வரவில்லையாம்.
தினமும் ஒரு காரணம் வந்து இறங்கியது.
லோரி வரவில்லை.

முட்டை வந்த அன்று சீனி இல்லை.
சீனி வந்த அன்று கெஸ் தோங் இல்லை.
பெம்பர்ஸ் மட்டும் பெரிய சைஸ், மலைபோல்.
மூன்று மாதப் பிள்ளைக்கு அதில் இரண்டு கட்டு வாங்கினாள் பூவரசி.
"அடுத்த லோரி வர்றதுக்குள்ள
இவன் வளந்துடுவான்."

கடை வாசலில் நின்றால்
ஊத்தான் மெலிந்தாங் முழுக்கச் செம்பனை.
பழ லோரியிலிருந்து உதிர்ந்ததெல்லாம் ரோட்டில் நசுங்கி
மழை பெய்தால் சாக்கடைகூட மினுங்கும்.
என் வீட்டுக்காரர் ஆலையிலிருந்து லுமுட்டுக்கு
டேங்கர் ஓட்டுகிறார். முப்பது டன்.
துறைமுகத்தில் வரிசையாம்,
இரண்டு ராத்திரியாக வண்டியிலேயே தூக்கம்.
போனில் கேட்டார்,
வீட்ல எண்ணெய் இருக்கா?
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இருந்தது.
கல்லாவுக்குக் கீழே, பழைய பேப்பருக்கு அடியில், ஒன்று.
வியாழக்கிழமை கடைசிப் பெட்டியைப் பிரித்தபோது
கை தானாக எடுத்தது.
தானாக என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஷொஃபிக்குல் வந்தான்,
குலை வெட்டும் அரிவாள் கம்பை வெளியே சாத்திவிட்டு.
"மிஞ்ஞாக் அடா, காக்?"
காக் என்றால் அக்கா.
நான் அட்டையைக் காட்டினேன், என் கையெழுத்தை.
அவன் மலாய் வரியைப் படித்தான்.
ஐசி அவனுக்கு இல்லை.
பாஸ்போர்ட் எஸ்டேட் ஆபீஸ் இரும்புப் பெட்டியில்.
கொங்சியில் எட்டுப் பேர், ஒரே சட்டி.
எட்டுப் பேரும் ஒரு சட்டியும் சேர்ந்தால் குடும்பமா?
அட்டையில் அதற்கு இடமில்லை.

வேறு பேச்சு வாயில் வராமல்
இன்றைக்கு எத்தனை குலை என்று கேட்டேன்.
நூற்றிருபது, என்றான்.
தவுக்கே உள்ளே கணக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.
என் கால் அந்தப் பேப்பர் கட்டை
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியது.

அவன் நெத்திலி வாங்கினான், கால் கிலோ.
எண்ணெய் இல்லாமல் அதை என்ன செய்வாய் என்று
நான் கேட்கவில்லை.
சுடுவான்.

வீட்டில் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தேன்.
இது அவன் வெட்டிய குலையாக இருக்கலாம்,
இவர் ஓட்டிய டேங்கராக இருக்கலாம்,
லுமுட், கிள்ளான், எங்கெங்கோ சுற்றி
என் கல்லாவுக்கு அடியில் வந்து ஒளிந்தது.
நான்கு அப்பளம் பொரித்தேன்.
இரண்டைத் தின்றேன்.

மீதியில் பாதியைக் காலி கிச்சாப் போத்தலில் ஊற்றி மூடினேன்.
நாளைக்கு எடுத்துப்போவேனா, தெரியாது.
தவுக்கே பார்ப்பார்.
பூவரசி பார்த்தால், எனக்கு ஏன் இல்லை என்பாள்,
அதுவும் நியாயம்தான்.

போத்தல் ஜன்னலோரம் நிற்கிறது.
ஆலையிலிருந்து டேங்கர்கள் போகப் போக
விளக்கு வெளிச்சம் அதற்குள் ஏறி
மஞ்சளாக ஒரு நொடி நின்று
லுமுட் பக்கம் போகிறது.