சிக்கு

ராசர் அவென்யூவில், போன மாதம்வரை
செல்போனுக்குக் கண்ணாடி மாற்றித்தந்த இடத்தில்
நூல் கடை வந்திருக்கிறது என்றேன் போனில்.
‘பிராண்டனில் யார் புத்தகம் வாங்குகிறார்கள்?’
என்றாள் நித்திலா, வின்னிபெக்கிலிருந்து.
அந்த நூல் இல்லை.
கம்பளி. ஆடு. அல்பாக்கா என்று ஒரு மிருகம்.
ஒரு சிட்டம் நாற்பத்திரண்டு டாலர்.

வாங்கப் போகவில்லை நான்.
பக்கத்து லாண்டரியில் என் வேலைச்சட்டைகள்
சுழன்று முடிய இருபத்தாறு நிமிடம்,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
அவ்வளவுதான் காரணம்.

கல்லாவில் மார்னி. பதினெட்டு வருடம்
பயிர்க் காப்பீட்டில்
ஆலங்கட்டிச் சேதம் கணக்கெடுத்தவள்.
மேஜைமேல் கூரியரில் வந்த புதுச்சேதம்:
பெட்டி கிழிந்து, பதினோரு சிட்டம்
ஒன்றுக்குள் ஒன்று புகுந்து
மயில்கழுத்து எது கத்தரிப்பூ எது தெரியாமல்.
கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டாள்.
பொறு என்றேன்.

பெரிய வித்தை இல்லை.
சிக்கை இழுக்கக் கூடாது, உதற வேண்டும்.
நுனியைத் தேடாதே,
தளர்ந்த இடத்தைத் தேடு.
ஒரு வளையம் விட்டுக்கொடுத்தால்
அடுத்தது தானே இறங்கிவரும்.
பகலெல்லாம் பன்றித் தொடையில்
எலும்போரம் கத்தி ஓட்டுகிற கை,
மணிக்கு எத்தனை என்று எண்ணப்படுகிற கை,
அன்று கணக்கில் வரவில்லை.
திரும்பிப்போனால்
என் சட்டைகளை யாரோ ஈரத்தோடு அள்ளி
தரையில் வைத்திருந்தார்கள்.

தமிழில் முடிச்சவிழ்க்கி என்றால் வசவு.
இங்கே அதற்குப் பலகை வைத்தாள்:
வியாழன் மாலை சிக்கெடுத்துத் தரப்படும், இலவசம்.
கீழே என் பெயர்.
திரு என்று சொன்னேன்,
த்ரூ என்று எழுதியிருந்தாள். விட்டுவிட்டேன்.

தூண்டில் நரம்பு வந்தது.
கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் வந்தது.
தலைமுடி கனம்கூட இல்லாத வெள்ளிச் சங்கிலி,
அதற்கு இரண்டு ஊசி,
நாக்கைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம்.

பிறகு ஒருத்தி. பெயர் சொல்லவில்லை.
ஒரு கை மட்டும் பின்னிய சாம்பல்நிற ஸ்வெட்டர்,
அவள் அளவு இல்லை, ஆண்பிள்ளை அளவு.
சிக்கு எங்கே என்றேன்.
‘சிக்கு இல்லை. பிரிக்கணும். என்னால் முடியல.’
மார்னி நாற்காலியை நகர்த்திப்போட்டாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

மணிக்கட்டில் தொடங்கினேன்.
அடுத்த அறையில் யாரோ பட்டாணி உரிக்கிற சத்தம்.
வரவர அவள் நாற்காலி முதுகில் சுற்றினாள்.
முழங்கை வந்தபோது நிறுத்து என்றாள்.
நிறுத்தினேன்.
ரேடியோவில் கோதுமை விலை சொல்லி முடித்தார்கள்.
சரி என்றாள்.

பிரித்த நூல் நேராக இல்லை.
சுருள்சுருளாய், இருந்த ஒவ்வொரு கண்ணியையும்
ஞாபகம் வைத்திருந்தது.
நனைத்துக் கனம் கட்டித் தொங்கவிட்டால் மறந்துவிடும்
என்றாள் மார்னி.
எவ்வளவு நேரம்?
‘கம்பளியைப் பொறுத்தது.’

லாண்டரிக் குழாயில்
என் சட்டைகளுக்கு நடுவே சொட்டிக்கொண்டிருக்கிறது.
கனத்துக்கு வேறு எதுவும் அகப்படாமல்
என் இடதுகால் பூட்ஸ்.
வலதுகாலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.