செக்குபந்தி

கயிறுதான் மாறியது.
நீலத்தில் தொங்கிய அடையாள அட்டை
ஒரு திங்கட்கிழமை மஞ்சளில் தொங்கியது.
அதே கேட், அதே டிரம், அதே சாயத்தூள்,
துப்பினால் அதே ஊதா.
கூலி மட்டும் நாளைக்கு இருபத்திரண்டு ரூபாய் கூட.

அதற்குள் மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
மஞ்சள் கம்பெனி எங்களைத் திருடிவிட்டதாக
நீலக்காரன் வழக்குப் போட்டான்.
திருட்டுப் போனது அறுபத்து மூன்று பேர்.
நாயன்மார் கணக்கு என்றான் குணபூஷணம்.
போனது தெரியாமல்
குடிகாடு நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

மனுவின் நகலைப் போனில் அனுப்பினாள் மரியஸ்டெல்லா.
பக்கம் பக்கமாய் இங்கிலீஷ், கடைசியில் பட்டியல்,
அதில் நான் நாற்பத்தொன்று.
அஞ்சலாட்சியில் ஓர் எழுத்தைக் காணோம்,
அதை எவன் திருடினானோ.
பயிற்சி கொடுத்த செலவு தலைக்குப் பதினெட்டாயிரம்
நஷ்டஈடு வேண்டுமாம்.
பயிற்சி:
கையுறை மாட்டுவது எப்படி என்று
ஏழு நிமிஷ வீடியோ.
கையுறை வரவேயில்லை.

தானே புயலுக்குப் பிறகு விற்ற
அரைக்காணி முந்திரியின் பத்திரத்தை
வீட்டில் நான்தான் வாசித்துக் காட்டினேன்.
அந்த நடை கைக்கு வந்தது, எழுதிப் பார்த்தேன்:
குணபூஷணத்துக்குத் தெற்கு,
ஷர்புதீனுக்கு வடக்கு,
கட்டாத பி.எஃப். பணத்துக்குக் கிழக்கு,
உப்பனாற்றுக்கு மேற்கு,
இதற்குள்பட்ட
ஐந்தடி ஓரங்குலம், நாற்பத்தாறு கிலோ,
மாவடை மரவடை சகிதம்.

இடைக்காலத் தடை வந்தது.
மஞ்சள் எங்களை வைத்துக்கொள்ளக் கூடாது.
நீலத்திடம் வைக்க ஒப்பந்தமே இல்லை.
உங்களை எங்களுக்குத் தெரியாது,
காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றது ஃபேக்டரி.
எட்டு வருஷம்.
கேட்டில் படுத்திருக்கும் நாய் வாலாட்டிற்று.

வாய்தா அன்று முப்பது பேர் போனோம்.
நீங்கள் கட்சிக்காரர்களா என்றார் டவாலி.
இல்லை, பட்டியல் என்றேன்.
வழக்குச் சொத்து அன்று முழுக்க
வேப்பமரத்தடியில் நின்றது,
மதியம் எலுமிச்சை சாதம் தின்றது.

பதினாறாம் நாள்
பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் சமரசமாம்.
எவ்வளவு கைமாறியது என்பது ரகசியமாம்.
மறுநாள் காலை நீலக்கயிறு,
பழைய கூலி.
அந்தப் பதினாறு நாள் யார் கணக்கு என்று கேட்டால்
சூப்பர்வைசர் போனைப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை
முதுநகர் ஜெராக்ஸ் கடை மேஜையில் வைத்து
தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதினேன்.
மனுதாரர் என்ற இடத்தில்
அஞ்சலாட்சி, எல்லா எழுத்தும்.
எதிர்மனுதாரர் ஒன்று நீலம், இரண்டு மஞ்சள்,
மூன்றாவதாக ஃபேக்டரி.
அதைப் போடாதே அக்கா என்றார் கடைக்காரர்.
போட்டேன்.

கையெழுத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.
மற்றவர்களுக்கு ஷிஃப்ட்.