கொடுத்த இடம்

விழுந்து உடையவில்லை.
உடைந்துதான் விழுந்தேன்.

ஆம்பூரில் கம்பெனி பஸ்ஸின் கடைசிப் படி,
காலை ஏழேகால்,
ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது வாரம்.
காய்ந்த கருவேலஞ் சுள்ளி ஒடிகிற சத்தம்.
முன்னால் இறங்கிய அம்சவேணி திரும்பிப் பார்த்து
"இன்னாடி அது, டிபன் பாக்ஸா?" என்றாள்.

முட்டிச் சில்லு.

போன ஆடியில் பள்ளிகொண்டா கபடிப் போட்டி.
ஏறிப் போன என் கணுக்காலைப் பிடித்தார்கள்.
உடம்பு கோட்டுக்குத் திரும்பியது,
முட்டி திரும்பவில்லை.
அன்று அறுந்தது உள்ளே இருக்கும் ஜவ்வு.
சில்லில் ஒரு கீறல்கூட இல்லை.

வேலூரில், வங்காளத்தில் பலகை எழுதிய லாட்ஜுகள் நடுவே
டாக்டர் ஞானசிகாமணி சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினார்:
சில்லுக்குக் கீழே ஒரு பட்டை.
அதன் நடுவிலிருந்து ஒரு விரல் அகலம்,
மேல் நுனியில் சில்லிலிருந்து கொஞ்சம் எலும்பு,
கீழ் நுனியில் கால் எலும்பிலிருந்து கொஞ்சம்.
அதுதான் புது ஜவ்வு.
"வெளிய இருந்து எதுவும் வாங்க வேணாம்மா,
உங்க கால்லயே இருக்கு."
வட்டியில்லாக் கடன் கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டேன்.
கையெழுத்துப் போட்ட தாளில், ஒன்பதாவது வரியில்,
எடுத்த இடம் உடையலாம் என்று இருந்ததாம்.
நூறில் ஒருவருக்கு, அதுகூட இல்லை.
நான் மூன்று வரி படித்திருந்தேன்.

இப்போது படத்தில், சில்லின் குறுக்கே ஒரு கோடு.

நான் அப்பர் வெட்டுகிறவள், பதினோரு வருஷமாக.
தோலில் சதுரமாய் ஒரு துண்டு எடுத்தால்
மிச்சத் தோல் மூலையில்தான் கிழியும்,
இழுக்கிற இழுப்பெல்லாம் அங்கே வந்து நிற்கும்.
அதனால் முதலில் மூலைக்கு மூலை பொட்டுத் துளை,
பிறகுதான் கத்தி.
துளையைத் தாண்டி ஒரு மயிரிழை போனால்
ஜெர்மனி வரை போய்த் திரும்பி வரும் ஷூ.

கேட்டேன்:
"மூலைய உருட்டி எடுத்தீங்களா சார், சதுரமாவா?"
எப்போதும் நின்றபடியே பேசுகிறவர்
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"சின்ன ரம்பம்தான். மூலையில கொஞ்சம் தாண்டியிருக்கலாம்.
தாண்டாமலும் உடையுது."
அந்த 'லாம்' எனக்குப் போதுமாக இருந்தது.
இல்லை, போதவில்லை.
ஆனாலும் அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஜவ்வு?"
"ஜவ்வு அருமையா இருக்கு!"
முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

இரண்டு ஊசி, எட்டுப் போட்டு முறுக்கிய கம்பி.
எட்டுத் தையல் எனக்குத் தெரியும், லேசில் பிரியாது.
மார்கழி விடியலில் அதன் முடிச்சு
தோலுக்கடியில் கடுகுபோல் நெருடும்.
தடவிப் பார்ப்பேன்.
எடுத்ததைப் பற்றி ஒன்றும் கேட்காத இடம்.

இ.எஸ்.ஐ. படிவத்தில் 'விபத்து நடந்த விதம்'.
என்னைக் கேட்காமலே கிளார்க் எழுதிவிட்டார்:
கால் தவறி விழுந்ததில் சில்லு முறிந்தது.
பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன்.
அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாதாம்.
புதுப் படிவம் மாடியில்.

பதினெட்டுப் படி.
கைப்பிடி ஒரு பக்கம்தான்,
அதுவும் ஆடுகிறது.
ஏறும்போது நல்ல கால் முதலில் என்று
சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
இறங்குவதை
மேலே போய் யோசிக்கலாம்.