பாகம் எண் 143

முசஃபாவில் காலை ஐந்தரை.
ஊரில் ஏழு. நடுநிலைப் பள்ளியின் முதல் ஆள்
மைக்கு விரலை நீட்டியிருப்பான்.
நான் பேருந்துப் படியில் நின்று தலை எண்ணுகிறேன்.
டைம்கீப்பர்.
வந்தவனுக்கு டிக், வராதவனுக்குச் சுழி.
இன்றைக்குச் சுழியே இல்லை.
இங்கே நூறு சதவீதம்.

சி பிளாக்கில் மூன்று அறைக்குள் அடங்கும் எங்கள் பாகம்.
கட்டிலுக்குக் கட்டில் கட்சி மாறும்.
கொடி கட்டக்கூடாத நாட்டில்
காயப்போட்ட துண்டின் கரையைப் பார்த்தால் போதும்.
மேல்கட்டில் வெள்ளைத்துரை, கீழ்க்கட்டில் சிக்கந்தர்,
இருவருக்கும் ஒரே குக்கர்.
போன தேர்தலில் ஒன்பது நாள் பேச்சில்லை.
சோறு மட்டும் வெந்தது.

இந்த முறை அப்படியில்லை.
ஒரு வேட்பாளர் வீடியோவில் சொன்னார்:
வெளிநாட்டில் இறந்தால் ஏழு நாளில் பெட்டி வீடு வரும்.
எங்கள் மாடக்கண்ணு போய்ச்சேர
இருபத்து மூன்று நாள் ஆனது.
கரை எல்லாம் ஒரே கரை ஆனது அன்றிரவு.
சாதி பார்க்கவில்லை, பள்ளி கோயில் பார்க்கவில்லை.
முன்னூறு பேர் ஒரு முடிவுக்கு வந்தோம்,
ஓட்டில்லாத முன்னூறு பேர்.

பட்டியலில் பெயர் உண்டு. நேரில் போக வேண்டும்.
போனது ஃபோர்மேன் ஜெபசிங் ஒருவர்தான்,
டிக்கெட்டுக்கு ஆயிரத்து நூறு திர்ஹம்.
அவர் பாகம் நூற்று எழுபது, அடுத்த ஊர்.
திரும்பி வந்து மெஸ்ஸில் பிளேட் ஏந்தியபோது
எல்லோரும் பார்த்தது விரலைத்தான்.
நகம் வளர வளர மை நுனிக்கு ஏறியது.
ஜூன் மாதம் நகவெட்டியில் போயிற்று.

நாங்கள் ஃபோன் போட்டோம்.
முந்தின ராத்திரி, மாடிப்படியில் வரிசையாய் உட்கார்ந்து,
ஒரே வாசகத்தை இருபது வாய்.
"அவருக்கே போட்ரு."
பவளக்கொடி சொன்னாள்: "சரி."
அவளுடைய சரிகளில் எனக்கு நாலைந்து வகை தெரியும்.
இது எந்த வகை என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.
கார்டில் காசு குறைவாக இருந்தது.

ராத்திரி செய்தியில் கோட் போட்ட ஒருவர்
வரைபடத்துக்கு வண்ணம் அடித்தார்.
இந்தச் சமூகம் பதினாறு, அந்தச் சமூகம் இருபத்திரண்டு,
இந்தப் பட்டையில் ஆண்களிடம் ஆர்வம் குறைந்துவிட்டது என்றார்.
சிக்கந்தருக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

பூத் ஏஜென்ட் அனுப்பிய கணக்கு என்னிடம் இருக்கிறது.
ஆண்கள் ஐந்நூற்று இருபத்தெட்டு; போட்டது நூற்றுத் தொண்ணூற்றேழு.
பெண்கள் ஐந்நூற்று ஐம்பத்தொன்று; போட்டது நானூற்று எண்பத்தாறு.
எண்ணி முடித்தபோது எங்கள் ஆளுக்கு
இருநூற்று ஐம்பத்தொன்று.
மற்றவருக்கு நானூற்று இரண்டு.

வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தேன்.
ஊரில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும்
எங்களுக்கே போட்டதாக வைத்தாலும்
மிச்சம் ஐம்பத்து நாலு.
நானூற்று எண்பத்தாறு பெண்களில் ஐம்பத்து நாலு.
படிக்கட்டில் உட்கார்ந்த இருபது பேரை நினைத்தேன்.
தாளை மடித்துவிட்டேன்.
யாரிடமும் காட்டவில்லை. ஆனால்
எல்லோருக்கும் கழித்தல் தெரியும்;
மூன்று நாள் யாரும் ஸ்பீக்கரில் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நான்தான் கேட்டேன், சுற்றி வளைத்து.
"தெருக்குழாய் எப்படி?"
"பதினோரு மணிக்கு நின்னுரும். அவரு
ஆறு மாசத்துல வீட்டுக்குள்ள கொண்டாறேன்னாரு."
"எவரு?"
"ஜெயிச்சவருதான்."
பிறகு, "நீங்க சாப்பிட்டீகளா?"

ஹார்ன் அடிக்கிறான் டிரைவர்.
நாற்பத்தாறு தலை. நாற்பத்தேழு வேண்டும்.
மேலே ஜன்னலில் ஒரு துண்டு இன்னும் காய்கிறது,
கரை இந்தப் பக்கம் தெரியவில்லை.
வெள்ளைத்துரையைக் காணோம். கக்கூஸில் இருப்பான்.
சுழி போடாமல் பேனாவோடு நிற்கிறேன்.