முதல் தடவை மறுக்கும்

ரோஜாக்களின் குளிர் அறையை ஒட்டிய கொட்டகையில்
நிற்கிறது அந்த மஞ்சள் கார்.
இரண்டே கதவு. இடுப்புக்கு எட்டாத உயரம்.
தளியில் அதற்கேற்ற சாலை இல்லை.
மாதத்தில் இரண்டு ஞாயிறு
ஓசூர் மேம்பாலம் வரை போய்
லாரிகளிடம் கொஞ்சம் மரியாதை வாங்கித் திரும்பும்.

"எடை குறையணும்" என்றார் முனிகிருஷ்ணப்பா.
பழைய ஈய பேட்டரி பத்தொன்பது கிலோ,
லித்தியம் நாலரை.
பதினாலரை கிலோ மிச்சமென்று
பிப்ரவரிப் பெட்டிகளை எண்ணும் அதே விரல்களால் எண்ணினார்.
நான் அவர் தொப்பையைப் பார்க்கவில்லை.
பார்க்காததை அவர் பார்த்துவிட்டார்.

மேஜைமேல் மூன்று வைத்தேன்.
ஒன்றின் ஸ்டிக்கரில் பெரிதாக அறுபது,
கீழே எறும்பெழுத்தில் 'ஈயத்துக்குச் சமம்'.
உள்ளே இருப்பது இருபது.
மீதி நாற்பது நம்பிக்கை.
இன்னொன்றுக்குக் காவல் சர்க்யூட்டே கிடையாது,
விலை மட்டும் பணிவாக இருந்தது.
மூன்றாவதை எடுத்துக்கொண்டார், முகத்தைச் சுளித்தபடி.

என் சார்ஜரில் ஒரு பொத்தான் உண்டு.
செத்த ஈயத்தைப் பதினாறு வோல்ட்டால் உலுக்கி எழுப்புவது.
லித்தியத்துக்கு அது ஆகாது.
பதினாலு புள்ளி நாலு, அங்கே நின்றுவிட வேண்டும்.
புது சார்ஜர் வாங்கினேன்,
பழையதன் பொத்தானில் பிளாஸ்திரி ஒட்டினேன்.
இர்ஃபானின் கை பழக்கத்தில் அங்கேதான் போகும்.
என் கையும்தான்.

மார்கழியில் ஒருநாள், மணி ஐந்தரை, போன்.
"செத்துப்போச்சுய்யா. மீட்டர் சைபர் காட்டுது."
மூன்று வாரமாக யாரும் தொடாத காரில்
திருட்டு மணி மட்டும் தூங்காமல் குடித்திருக்கிறது.

ஜவளகிரி வளைவில் வனக்காவலர் கை காட்டினார்.
ராகிக் கொல்லையில் யானை.
நாற்பது நிமிடம், மொபெட்டை அணைத்துவிட்டு,
பனியில் எது மரம் எது யானை என்று தெரியாமல் நின்றேன்.

அது சாகவில்லை.
கடைசிச் சொட்டைக் கேட்பவனுக்குக் கொடுக்காமல்
உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தது.
சார்ஜர் தட்டியதும் சிவப்பு ஒருமுறை சிமிட்டியது,
யோசித்தது,
பிறகு திறந்தது.

இரண்டு மணி நேரம்.
இருபது இருபதாய்ப் பூக்கட்டும் பெண்கள்
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரோடு வந்தார்கள்.
"இதுக்கும் குளிருமா?" என்றாள் சாக்கம்மா.
குளிரும் என்றேன்.
"எங்களுக்கும் மொத கட்டு விரல் மடங்காது,
மூணாங் கட்டுலதான் கை சொன்ன பேச்சு கேக்கும்."
கம்பெனிக்காரன் தந்த பதினாறு பக்கத்தில்
இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை.

பச்சை விளக்கு வந்தது.
முதல் தடவை, ஒரு முனகல்.
"காசு தண்டம்" என்றார் முனிகிருஷ்ணப்பா.
ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன், ஒரே நிமிடம்.
வெளிச்சம் அட்டைப்பெட்டிகளில் விழுந்தது,
கண்ணை மறைத்த கைகளில் விழுந்தது,
உள்ளே ஏதோ மெல்லச் சூடானது.
இரண்டாவதில் அரைச் சுற்று.
மூன்றாவதில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது,
யாரோ ஒரு கட்டைக் கீழே போட்டாள்,
திட்ட வாயெடுத்த முதலாளியின் குரல் கேட்கவேயில்லை.

வழியில் யானை நிற்கிறது என்று நினைவூட்டினேன்.
அதனால் யாரும் எங்கும் போகவில்லை.
கதவை அகலத் திறந்துவிட்டோம்.
பெண்கள் ஒவ்வொருவராக என்ஜின் மூடியருகே வந்து
உள்ளங்கைகளை நீட்டினார்கள்.
ஐந்நூற்று எழுபது குதிரைகள்
நின்ற இடத்திலேயே நின்று
எட்டுப் பேருக்குக் கை காய்ச்சின.

மீட்டரில் பதினாலு புள்ளி ஒன்று.
பில் புத்தகத்தின் பின்அட்டையில் எழுதிக்கொண்டேன்.