காத்து எந்தப் பக்கம்

மூக்கை ஒரு கிளிப்பால் கவ்வினாள் ஐனோ.
துணி காயப்போடும் கிளிப்புக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது.
வெளியே யுவாஸ்கூலாவில்
பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
உள்ளே, உடற்பயிற்சி அறிவியல் லேபில்,
ஐந்தாவது செமஸ்டரை மட்டும் அங்கே படிக்கப் போன நான்
அட்டைக் குழாயை வாயில் வைத்திருந்தேன்.

ஊது என்றாள், ஊதினேன்.
இன்னும், இன்னும், இன்னும் என்று
அவள் கத்திய ஆங்கிலம்
எங்கள் கோர்ட்டின் ஓரத்தில் நிற்கும்
புஷ்பலீலா கோச்சின் குரலில் கேட்டது:
"மூச்ச வுடாத, கோட்டத் தொடு!"

நான் ரைடர்.
எர்ணாவூர் பெண்கள் கபடி அணி, ஏழாம் நம்பர்.
ஒரே மூச்சில் பாடிப் போய்
இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவள்.
என் மூச்சைப் பற்றி எனக்கு ஒரு திமிர் உண்டு.

திரையில் ஒரு வளைவு எழுந்து
பாதி மேட்டில் உட்கார்ந்துகொண்டது.
வயது, உயரம், இனம் எல்லாம் கேட்டுக்கொண்டு
மெஷின் சொன்னது:
இருக்க வேண்டியதில் எழுபத்தொன்பது சதவீதம்.

சிகரெட் பிடிப்பாயா என்றாள் ஐனோ,
கூச்சத்தோடுதான்.
இல்லை.
வீட்டில் யாராவது?
அப்பா குடிப்பார், பீடி தொடமாட்டார்.
முன்பாதியை ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

படிவத்தில் அடுத்த கட்டம், வசிப்பிடம்.
எர்ணாவூர் என்று எழுதினேன்.
மூன்று தடவை தப்பாகப் படித்தாள்,
மேப்பில் தேடிப் பெரிதாக்கினாள்.
மேலிருந்து பார்த்தால் எங்கள் பக்கம்
வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள்.
"இதெல்லாம் என்ன, குளமா?"
எண்ணெய் டாங்கி என்றேன்.
அதற்கப்புறம் எதுவும் கேட்காமல்
கிளிப்பைக் கழற்றி ஸ்பிரிட்டில் போட்டாள்.

அன்று ராத்திரி
பர்மா பஜார் ஜெர்கினை மாட்டிக்கொண்டு
ஏரிக்கரை வரை நடந்தேன்.
எவ்வளவு இழுத்தும் ஒன்றும் மணக்கவில்லை.
பயமாகக்கூட இருந்தது.
ஊரில் கேஸ் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம்,
இங்கே எதை நம்பிச் சாத்துவது?

ஜனவரியில் திரும்பினேன்.
விம்கோ நகரில் மெட்ரோ கதவு திறந்ததும்
அம்மோனியாவா, தாரா, கருவாடா
பிரித்துச் சொல்ல முடியாத அந்தப் பழைய ஆள்
தோளில் கைபோட்டான்.
"எளச்சிட்டியே, அங்க இன்னாதான் படிச்ச?"
"மூச்சு வுடறதுக்கும்மா."
"அதுக்கா குழுவுல அம்பதாயிரம் வாங்குனேன்?"
சிரித்தோம். தவணை நாலாம் தேதி.

பெட்டியில் சாக்லேட்டுக்கு அடியில்
ஐனோ தந்த பீக் ஃப்ளோ மீட்டர்:
எண் போட்ட பிளாஸ்டிக் குழல், ஒரு சிவப்பு முள்.
ஞாயிற்றுக்கிழமை,
கண்டெய்னர் லாரிகள் வால் நீட்டி நிற்கும் ரோட்டுக்கு இந்தப் பக்கம்,
அணியை வரிசையாய் நிறுத்தி ஊதச் சொன்னேன்.
ரெபேக்கா முந்நூற்று நாற்பது.
சங்கவி முந்நூற்றுப் பத்து.
ஆளையே தூக்கிப்போடும் எங்கள் டிஃபெண்டர் யாஸ்மின்
இருநூற்று அறுபது.
திரும்ப ஊதினாள், இருநூற்று ஐம்பத்தைந்து.
மீட்டரைத் தொடையில் தட்டி,
"ரிப்பேர்க்கா இது" என்றாள்.

ஒன்பதாவது படிக்கும் துர்கேஸ்வரி
நோட்டை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"பாஸ் மார்க் எவ்ளோக்கா?"

அந்த மெஷினுக்குள் இருந்த 'இருக்க வேண்டியது'
யார் யாரை ஊதவைத்துக் கண்டுபிடித்தது என்று
நான் கேட்காமலே வந்துவிட்டேன்.
பரீட்சைக்கு வராத கேள்வி.

விசில் ஊதியாயிற்று.
நோட்டில் பெயர், தேதி, எண்.
யாஸ்மின் பேனாவைப் பிடுங்கி
பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்தாள்.
தலைப்பு வைத்தாள்: காத்து எந்தப் பக்கம்.
துப்பட்டாவின் முனையைத் தூக்கிப் பிடித்து,
அது பறக்கிற திசையைப் பார்த்து,
தன் பெயருக்கு நேரே எழுதினாள்:
"மணலி சைடு."
பிறகு முட்டிக்குப் பட்டை கட்டப் போனாள்.